உள்ளே போன கரி

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கு என் முழங்கையை நானே இஸ்திரி போட்டுக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத விஷயம் என்பதால் எழுதி வைக்கிறேன். வலி தாங்கவில்லை. பெட்டியில் கங்கு தணிந்து, பட்டுப்புடவைக்கு வைக்கிற சூடுதான் இருந்தது. கையை மேசைமேல் நீட்டி, ஈரத்துணி போர்த்தி, இடது கையால் ஒரு இழுப்பு இழுத்தேன். சுகமாக இருந்தது. சுகத்துக்கு ஆசைப்பட்டு இன்னொரு இழுப்பு. துணி விலகிவிட்டது.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இன்னா இது?" என்றார்.

"கொசு."

"கொசு கடிச்சா முக்கோணமாவா வீங்கும்?"

மனுஷருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. மளிகைக் கடையில் வெல்லம் வாங்கும்போது மட்டும் தெரியாது.

இந்த டைரி புது வருஷத்துக்கு மூணாவது மாடி பத்மநாபன் சார் கொடுத்தது. இத்தனை நாள் மேசைக்கால் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை போனவள். அதற்கப்புறம் எழுதியதெல்லாம் ஏ-3, பி-7 என்று வீட்டு நம்பர்தான். எழுத்து கோணலாக இருந்தால் கையைக் குறை சொல்லிக்கொள்ளலாம். இப்போது அதற்குக் காரணமும் இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்ல மாட்டேன். எழுதினால் தப்பில்லை. எல்லப்பன். எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. வில்லிவாக்கத்தில் முல்லை குடியிருப்பு என்று இரண்டு கட்டிடம். அதன் வாசலில், புங்கமரத்துக்குக் கீழே எங்கள் இஸ்திரி மேசை. மாடி மாடியாக ஏறித் துணி வாங்கி வருவதும் திருப்பிக் கொடுப்பதும் அவர் வேலை. பெட்டி பிடிப்பது என் வேலை. அவர் பெட்டி பிடித்தால் சட்டை அழும்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மேசைமேல் சீருடை மலையாகக் கிடக்கிறது. வலது முழங்கையின் வெளிப்பக்கம், எலும்பை ஒட்டி, விரல் வைத்தால் உயிர் போகிறது. பெட்டியைத் தூக்கினால் ஒரு வலி, வைத்தால் ஒரு வலி. காலையில் பால் பாக்கெட்டைத் தூக்கினேன், கை அதுவாகவே விட்டுவிட்டது. பூனைக்கு நல்ல நாள்.

மாலையில் பத்மநாபன் சார் வந்தார். இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். குடியிருப்புச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

"நவநீதம், உங்கிட்ட முன்னாடியே சொல்லிடறேன். ஒரு சலவைக் கம்பெனிக்காரன் வந்திருக்கான். வேன் வெச்சிருக்கான், மெஷின் வெச்சிருக்கான். உன் இடத்தைக் கேக்கறான். கமிட்டில பாதிப்பேர் சரின்னுட்டாங்க. துணி லேட் ஆகாம பாத்துக்கோ. லேட் ஆச்சுன்னா என்னால பேச முடியாது."

"லேட்டா? நானா? உங்க கல்யாணத்துக்கே நான்தான சார் வேட்டி தேச்சுக் குடுத்தேன்."

"என் கல்யாணத்தப்போ நீ மூணாங்கிளாஸ் படிச்சிட்டிருந்திருப்ப."

"அதான் சார் எனக்குப் படிப்பு ஏறல."

சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்தேன். அப்புறம் மரத்தை அண்ணாந்து பார்த்தேன். இந்த இடம் போனால் வேறு இடம் கிடையாது. எல்லாக் குடியிருப்பு வாசலிலும் ஏற்கெனவே ஒரு மேசை நிற்கிறது.

ஜூன் 9, திங்கள்

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். எலும்பு டாக்டரம்மா சின்னப் பெண். "நடுவிரலை மேல தூக்குங்க, நான் அமுக்குவேன்" என்றாள். அமுக்கினாள். நான் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற ஒரு கிழவருக்கு மூட்டுவலி போய்விட்டது, எழுந்து வெளியே நடந்துவிட்டார்.

"இதுக்கு டென்னிஸ் எல்போன்னு பேரும்மா."

"டென்னிஸா? நான் பந்தைத் தொட்டதுகூட இல்லியே டாக்டர்."

"ஆடறவங்களுக்கு மட்டும் இல்ல. ஒரே மாதிரி கைய வெச்சு வேலை செய்யற யாருக்கும் வரும். நீங்க என்ன வேலை?"

"இஸ்திரி."

"பெட்டி என்ன கனம் இருக்கும்?"

"ஒரு வயசுப் புள்ள மாதிரி இருக்கும். அழாது, அவ்ளோதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் பொறுமையாகச் சொன்னாள். நான் நரம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது நரம்பு இல்லையாம். தசைநாணாம். சதையை எலும்போடு கட்டிவைக்கிற கயிறு. அந்தக் கயிறு நைந்துபோயிருக்கிறது. "ஆறு வாரம் பெட்டியைத் தொடக்கூடாது" என்றாள்.

நான் சிரித்தேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

மஞ்சள் மாத்திரை, சாப்பிட்ட பிறகு, ஒரு வாரத்துக்கு மட்டும். வெள்ளை மாத்திரை வெறும் வயிற்றில். "வெள்ளை வயித்துக்கு, விட்டுடாதீங்க" என்றாள். என் வயிற்றுக்கு ஒரு குறையும் இல்லை. இல்லாத நோய்க்குப் பொய்யாக மாத்திரை போடுவானேன்? வீட்டுக்காரருக்குத்தான் ராப்பகலாக ஏப்பம். வெள்ளையை அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

வலி இல்லை. வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. வலி இல்லை.

ஜூன் 11, புதன்

பெட்டி பூப்போலப் போகிறது. சீருடை மலை கரைந்துவிட்டது. ஆறு வாரமாவது, ஆட்டுக்குட்டியாவது.

எனக்கு ஒரே யோசனை. மாத்திரையை வாயில் போட்டேன். அது வயிற்றுக்குத்தானே போயிருக்கும்? அங்கிருந்து முழங்கைக்கு யார் வழி சொன்னார்கள்? வலது கை என்று எப்படித் தெரிந்தது? எங்கள் தெருத் தபால்காரர் எத்தனையோ வருஷமாக வருகிறார், இன்னும் எங்கள் கடிதாசியை எதிர்வீட்டில்தான் போடுகிறார். இது பொட்டுக்கடலை அளவுக்கு இருக்கிறது. கண் இல்லை, கால் இல்லை. அந்த இருட்டுக்குள் இறங்கி, எத்தனை சந்து எத்தனை முடுக்கு தாண்டி, சரியாக அந்த எலும்புக்குப் பக்கத்தில் போய் நின்று, "சும்மா இரு" என்று சொல்லிவிட்டதே!

இப்போதெல்லாம் மாத்திரையைக் கையில் வைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் விழுங்குகிறேன். வீட்டுக்காரர் பார்த்தார்.

"சாமியக்கூட இப்டி கும்புட மாட்டியே."

"சாமி இவ்ளோ சீக்கிரம் வர்றதில்லியே."

அவருக்கு ஏப்பம் நின்றுவிட்டது. வெள்ளையும் லேசுப்பட்டதில்லை.

ஜூன் 14, சனி

துணியின் பைக்குள் எது கிடந்தாலும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்து, துணியோடு திருப்பிக் கொடுத்துவிடுவது எங்கள் தொழில் வழக்கம். ஜிமிக்கி வந்திருக்கிறது, பேருந்துச் சீட்டு வந்திருக்கிறது, ஒருமுறை பல்செட் வந்தது. இன்றைக்குப் பத்மநாபன் சார் சட்டைப்பையில் ஒரு மாத்திரை அட்டை. ரோஸ் நிறம். மருந்து விஷயமாயிற்றே என்று நானே மாடி ஏறிக் கொடுத்தேன்.

"ஐயோ, இதைத்தான் தேடிட்டிருந்தேன். முழங்கை வலிம்மா. பேட்மிண்டன் ஆடி ஆடி."

"எந்த இடத்துல சார்?"

காட்டினார். என் உடம்பு சிலிர்த்துவிட்டது. அதே கை, அதே எலும்பு, அதே ஓரம். என் முழங்கையைப் பக்கத்தில் நீட்டிக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தோம். ஏ.சி. ரூமில் தூங்குகிறவருக்கும் மரத்தடியில் நிற்கிறவளுக்கும் ஒரே கயிற்றை எடுத்து ஒரே இடத்தில்தான் முடிச்சுப் போட்டு அனுப்பியிருக்கிறான், மேலே இருக்கிறவன். சொல்லி வைத்தாற்போல ஒரே இடத்தில் நைந்திருக்கிறது.

"இது ரொம்ப நல்லா கேக்குது" என்று அட்டையை என்னிடமே தந்தார். "வெச்சுக்கோ. எங்கிட்ட இன்னும் இருக்கு. துணி லேட் ஆகக் கூடாதில்ல?"

நல்ல மனுஷர்.

ஜூன் 20, வெள்ளி

என் கையின் உள்ளே பார்த்தேன்!

டாக்டரம்மா ஸ்கேன் எழுதிக் கொடுத்திருந்தாள். இருட்டு ரூம். கையில் குளிர்ச்சியாகக் கூழ் போல எதையோ தடவி, ஒரு கட்டையை வைத்து நகர்த்தினார்கள். பக்கத்தில் டிவி. முதலில் மழைநாள் வானம் போல இருந்தது. அப்புறம் டாக்டரம்மா விரல் வைத்துக் காட்டினாள். "இதோ, வரிவரியா இருக்குல்ல, இதுதான் உங்க தசைநாண்."

கஞ்சி போட்ட சேலையைக் கொசுவி மடித்தாற்போல, வரி பிசகாமல், வெள்ளை வெள்ளையாக இருந்தது. என்னால்கூட அப்படி மடிக்க முடியாது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கறுத்து, நூல் பிரிந்த மாதிரி இருந்தது. "இங்கதான் நைஞ்சிருக்கு."

"கைய மெதுவா திருப்புங்க" என்றாள். திருப்பினேன். டிவியில் அது நகர்ந்தது. நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. இந்த நாற்பத்தெட்டு வயசு வரைக்கும் என்கூடவே இருந்து, நான் தூக்கியதையெல்லாம் அதுதான் தூக்கியிருக்கிறது. ஒரு நாள்கூட அதன் முகத்தைப் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் "வணக்கம்" என்று சொல்லிவிட்டேன். ஸ்கேன் எடுத்தவர் தனக்குச் சொன்னதாக நினைத்து, பதில் வணக்கம் போட்டார்.

"பெட்டியைத் தொடாம இருக்கீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"தொடறதே இல்ல."

"மஞ்சள் மாத்திரையை நிறுத்தியாச்சா?"

"போன வாரமே."

சொல்லும்போது டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையாமல் இருந்தது.

ஜூலை 2, புதன்

வேலை மும்முரம். ஒரு துணிகூட லேட் இல்லை.

மஞ்சள் அட்டையை மெடிக்கல் கடையில் காட்டினால் கொடுத்துவிடுகிறார்கள். ரோஸ், பத்மநாபன் சார் சட்டைப்பையில் வந்துவிடுகிறது. இப்போதெல்லாம் மறந்து விட்டு வருவதில்லை, எனக்கென்றே வைத்து அனுப்புகிறார். மஞ்சள் வலிக்கு, ரோஸ் வீக்கத்துக்கு என்று நானாகப் பிரித்துக்கொண்டேன். ஒன்று வலியை அடக்கும்போது இன்னொன்று கயிறு பின்னட்டும்.

மேல்வயிறு கொஞ்சம் எரிகிறது. மொச்சைக் குழம்பு. இனிமேல் மொச்சை வேண்டாம்.

ஜூலை 8, செவ்வாய்

எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இது அதிசயம், எழுதாமல் இருக்க முடியாது.

காலையில் வெளிக்குப் போனது கன்னங்கரேல் என்று இருந்தது. தார் மாதிரி. முதலில் பயந்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது. கரி! கல்யாணமாகி வந்த நாள் முதலாகக் கரி மூட்டையோடு புழங்குகிறேன். ஊதி ஊதிக் கங்கு எடுக்கிறேன். எவ்வளவு கரித்தூள் உள்ளே போயிருக்கும்! அவ்வளவையும் மாத்திரை திரட்டி வெளியே தள்ளுகிறது. கைக்கு என்று போனது, போகிற வழியில் வீட்டையும் பெருக்கிவிட்டது. யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் கை நன்றாக இருக்கட்டும்.

வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"கரியா?" என்றார்.

"கரிதான். பழைய கரி."

"ஊதறது நான்கூடத்தான் ஊதறேன். எனுக்கு வரலியே."

"உங்களுக்குத்தான் உள்ள ஒண்ணுமே இல்லியே. எதப் போய் தள்ளும்?"

அவர் சிரிக்கவில்லை. அவருக்கு வர வர நகைச்சுவை குறைந்துகொண்டே போகிறது.

ஜூலை 10, வியாழன்

ரோஸ் அட்டையைக் காணவில்லை. மேசைமேல்தான் வைத்திருந்தேன். அவரைக் கேட்டேன். காக்கா தூக்கிப்போயிருக்கும் என்றார். காக்காவுக்கு முழங்கை எங்கே இருக்கிறது?

ஜூலை 11, வெள்ளி

நின்றால் தலை சுற்றுகிறது. வெயில். கரி இன்னும் தீரவில்லை. எவ்வளவுதான் சேர்த்து வைத்திருந்தேனோ.

ஜூலை 15, செவ்வாய்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். டைரியை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். மேசைக்கால் ஆடுமே என்றேன். ஆடட்டும் என்றார்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை காலையில் பெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். புங்கமரம் பக்கவாட்டில் படுத்தது. மரம் ஏன் படுக்கிறது என்று நினைத்ததுதான் ஞாபகம். பத்மநாபன் சார் காரில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். பின்சீட்டில் என் தலை அவர் மடியில் இருந்தது. அவர் என்றால் எல்லப்பன். "நவநீ, நவநீ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கல்யாணமான புதிதில் அப்படிக் கூப்பிட்டது. கண் திறந்தால் நிறுத்திவிடுவாரோ என்று கொஞ்ச நேரம் மூடியே இருந்தேன்.

அவசர வார்டில் ஒரு டாக்டர் கேள்விமேல் கேள்வி கேட்டார். வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார்.

"கரி வருதுங்க டாக்டர். நாலஞ்சு நாளா."

"கரியா?"

"இஸ்திரி வேலைங்க. உள்ள போன கரி வெளிய வருதுன்னு சொல்லுது. எனுக்கு நம்பிக்க இல்லீங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அது கரி இல்லப்பா. ரத்தம். வயித்துக்குள்ள புண்ணாகி ரத்தம் கசிஞ்சா அப்படித்தான் கறுப்பாப் போகும். என்ன மாத்திரை சாப்பிடறாங்க?"

மஞ்சள் அட்டை என் முந்தானையில் முடிந்திருந்தது. எடுத்துக் கொடுத்தார்கள்.

"இது மட்டும்தானா?"

நான் காலி முந்தானையைத் திரும்ப முடிச்சுப் போட்டுக்கொண்டேன். பத்மநாபன் சார் கதவோரம் நின்றிருந்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் போயிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சட்டைப்பையில் கையை விட்டார். வெளியே எடுத்தபோது அதில் ரோஸ் அட்டை இருந்தது.

"நான்தான் கொடுத்தேன் டாக்டர். இதையும் சாப்பிட்டிருக்காங்க. எனக்கு நல்லா கேட்டுதுன்னு..."

டாக்டர் இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரி மருந்துதான் சார். கலர்தான் வேற. ரெண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. வயித்துக்கு மாத்திரை எதுவும் கூடப் போட்டாங்களா?"

அப்போது வீட்டுக்காரர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். "வெள்ளையா? அத நான் தின்னுட்டேங்க" என்றார். சொல்லிவிட்டு லுங்கி மடிப்பில் இருந்து இன்னொரு ரோஸ் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். காக்கா.

ஜூலை 16, புதன்

நேற்று கை வலித்தது, நிறுத்திவிட்டேன். மிச்சத்தைச் சொல்கிறேன்.

தொண்டையில் மருந்து அடித்து, ஒரு குழாயை விழுங்க வைத்தார்கள். குழாயின் முனையில் விளக்கும் கண்ணும். பக்கத்தில் மறுபடியும் டிவி. என் வயிறு தெரிந்தது. நான் கறுப்பாக, புகை பிடித்த அடுப்பு போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. இளஞ்சிவப்பாக, ஈரமாக, அப்போதுதான் பிறந்த ஏதோ ஒன்றைப் போல இருந்தது. யாரும் சொல்லாமல் தானே மெல்ல அசைந்துகொண்டிருந்தது. எவ்வளவு மிளகாய் போட்டிருக்கிறேன் அதன்மேல்! ஒரு மூலையில் குழி. குழியில் கறுப்பாக ஒரு பொட்டு. காய்ந்த ரத்தமாம். அங்கே ஊசி போட்டு அடைத்துவிட்டார்கள். வாயில் குழாய் இருந்ததால் வணக்கம் சொல்ல முடியவில்லை.

அப்புறம் ரத்தம் ஏற்றினார்கள். யாருடைய ரத்தம் என்று கேட்டேன். அதெல்லாம் தெரியாது, யாரோ கொடுத்தது என்றாள் நர்ஸ். பையில் இருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் இப்போது எங்கேயோ பேருந்தில் நின்றுகொண்டு போவார். நான் ஒருத்தி இங்கே எழுந்து உட்காருகிறேன் என்று அவருக்குத் தெரியாது. அவர் சட்டையை நான் எப்போதாவது தேய்த்திருப்பேனோ?

எலும்பு டாக்டரம்மாவும் வந்து பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நான் அந்தச் சந்தேகத்தைக் கேட்டுவிட்டேன்.

"டாக்டர், அந்த மாத்திரைக்கு முழங்கை எங்க கீதுன்னு எப்டித் தெரியும்?"

"தெரியாதும்மா. ரத்தத்தோட உடம்பு முழுக்கப் போகும். எல்லா வீட்டுக் கதவையும் தட்டும். வலியைக் கிளப்பற சரக்கை உடம்பு செய்யுது இல்ல, அதை நிறுத்தும். அதே மாதிரி சரக்குதான் வயித்துச் சுவரையும் காப்பாத்துது. அதையும் சேர்த்து நிறுத்திடும்."

"அப்போ கயித்த அது பின்னவே இல்லியா?"

"இல்ல. வலி தெரியாம பண்ணுச்சு, அவ்வளவுதான். நீங்க நைஞ்ச கயித்துமேலயே இழுத்துட்டிருந்தீங்க."

அது வழி கண்டுபிடித்துப் போகவில்லை. என் கும்பிடெல்லாம் வீண். ஆனால் யோசித்துப் பார்த்தால், வழி தெரிந்து போவதைவிட இதுதான் பெரிய ஆச்சரியம். வலிக்கிறதும் காப்பாற்றுகிறதும் ஒரே சரக்கு.

இனி அந்த ஜாதி மாத்திரையே தொடக்கூடாது. எந்தக் கலரானாலும்.

ஜூலை 27, ஞாயிறு

வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று நாள் ஆகிறது. மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருகிறேன். பெட்டி அவர் கையில். மேற்பார்வை நான்.

"காலர்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் வாலுல இருந்து ஆரம்பிக்கிறீங்க?"

"நீ வாய மூடு, டாக்டர் பேசக்கூடாதுன்னு சொல்லிக்கிறாரு."

"வயித்துக்குத்தான சொன்னாரு, வாய்க்குச் சொல்லலியே."

சட்டைகள் வாழை இலையைச் சுருட்டிப் பிரித்தாற்போல இருக்கின்றன. பத்மநாபன் சார் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, குடியிருப்பு முழுக்க ஒவ்வொரு மாடியாக நடந்தாராம். யாராவது "என்ன சார் சட்டை?" என்று கேட்டால், "எல்லப்பன் தேச்சது, ரொம்ப நல்லாருக்கு" என்பாராம். செயலாளரே அப்படிப் போட்டுக்கொண்டால் மற்றவர்கள் என்ன சொல்ல முடியும்?

ஆனாலும் கமிட்டி கூடிப் பேசியிருக்கிறது. செப்டம்பர் கடைசி வரைக்கும் பொறுத்துப் பார்ப்பார்களாம். நான் திரும்பி வந்து பெட்டி பிடித்தால் இடம் எனக்கு. இல்லாவிட்டால் வேனுக்கு.

ஆகஸ்ட் 6, புதன்

மாத்திரை இல்லாத வலி இப்போது முழுசாக வந்துவிட்டது. நான் இதுவரை அதன் பேச்சைக் கேட்டதே இல்லை. கேட்டால் அது சும்மா கத்துவதில்லை, ஒழுங்காகத்தான் பேசுகிறது. துடைப்பத்தைப் பிடித்தால் "வேண்டாம்" என்கிறது. கரண்டியை உள்ளங்கை மேலே தெரிகிற மாதிரி பிடித்தால் "போனால் போகிறது" என்கிறது.

டாக்டரம்மா ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, கையை மேசை ஓரத்தில் வைத்து, இடது கையால் தூக்கிவிட்டு, வலது கையால் மெல்ல மெல்ல இறக்க வேண்டும். இறக்குவதில்தான் மருந்தாம். அப்படி இறக்க இறக்க, நைந்த இடத்தில் புது நூல் ஓடுமாம். யார் ஓட்டுகிறார்கள்? தெரியாது. நான் பாட்டிலைத்தான் இறக்குகிறேன். உள்ளே தறி யாரோ போடுகிறார்கள்.

பத்மநாபன் சாரும் பேட்மிண்டனை நிறுத்திவிட்டார், ரோஸையும் நிறுத்திவிட்டார். சாயங்காலம் ஆறு மணிக்குப் பாட்டிலோடு இறங்கி வருகிறார். மேசையின் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். சேர்ந்து இறக்குகிறோம். போகிற வருகிற சனமெல்லாம் சிரிக்கிறது.

"சார், சீக்கிரம் இறக்கறீங்க. பாட்டில் பயப்படுது."

"உன்னை மாதிரி எனக்குப் பொறுமை இல்லம்மா."

"பொறுமையா? எனுக்கா? ரெண்டு கலர் மாத்திரை தின்னவகிட்டப் போய் சொல்றீங்க."

அவர் பாட்டிலை வைத்துவிட்டார். "நவநீதம், நான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"இறக்குங்க சார். பெட்டி மாதிரி கை ஆறிடப்போகுது."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ராத்திரி முழுக்க மழை, கை குடைந்தது. காலையில் பி-5 பேன்ட் பையில் ஒரு அட்டை. பச்சை. அது வலிக்கானதா, சளிக்கானதா, எனக்குத் தெரியாது. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அட்டையின் பின்பக்கம் வெள்ளித்தாள் எவ்வளவு பளபளப்பு.

டப்பாவில் போட்டு, துணியோடு அனுப்பிவிட்டேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் எனக்கு மட்டும் இரண்டு வடை வாங்கி வந்தார். காரணம் கேட்டேன். "கடைக்காரன் தவறிப் போட்டுட்டான்" என்றார். காக்காவை விட்டுவிட்டார், இப்போது கடைக்காரன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்றைக்கு அவர் தேய்த்த ஒரு சேலையை எடுத்துப் பார்த்தேன். மடிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. திருப்பிப் பார்த்தேன். இல்லை. உதறிப் பார்த்தேன். இல்லை.

"இன்னா தேடற?"

"ஒண்ணுமில்ல. எறும்பு."

கைக்கு நல்ல நாள். பெரிய பாட்டிலுக்கு மாறிவிட்டேன். பால் பாக்கெட்டைத் தூக்கினேன், வீடு வரைக்கும் வந்து சேர்ந்தது. பூனை என்னைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனது.

செப்டம்பர் 26, வெள்ளி

மறுபடியும் ஸ்கேன். டாக்டரம்மா காட்டினாள். அந்தக் கறுப்பு ஓரம் சின்னதாகியிருக்கிறது. முழுசாகப் போகவில்லை. ஆனால் நூல் பிரிந்து கிடந்த இடத்தில் வரி வரியாக ஏதோ ஓட ஆரம்பித்திருக்கிறது. கோணல்மாணலாகத்தான் இருக்கிறது, என் கையெழுத்து மாதிரி. மாத்திரை இல்லாமல், நான் தூங்கும்போது, நான் வீட்டுக்காரரை வம்புக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போது, அது பாட்டுக்கு உள்ளே பின்னிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டரம்மா டிஷ்யூ பேப்பர் கொடுத்தாள். கூழைத் துடைக்க என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"திங்கக்கிழமை தூக்கிப் பாருங்க. கொஞ்ச நேரம்தான். வலிச்சா வெச்சுடணும். மறுபாதி வேலை உங்க வீட்டுக்காரருக்கு."

"அவரு இப்போ என்னைவிட நல்லா தேய்க்கிறாரு டாக்டர்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லுவேனா?"

செப்டம்பர் 29, திங்கள்

இன்று காலை பெட்டியைத் தூக்கினேன். கங்கு நிறையப் போட்ட பெட்டி. வீட்டுக்காரர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, பிள்ளை நடக்கும்போது நிற்பதுபோலப் பக்கத்தில் நின்றார். வலி இருந்தது. மெல்லிசாக, "நான் இங்கேதான் இருக்கிறேன்" என்கிற அளவுக்கு. அவ்வளவுதான். ஒரு சீருடைச் சட்டையை முடித்தேன். இன்னொன்று முடித்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டிருப்பது என் கையா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மரத்துக்குக் கீழே நின்று, என் முழங்கையை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஈ வந்து அதன்மேல் உட்கார்ந்தது. அதைக்கூட விரட்டவில்லை.

அப்போது பத்மநாபன் சார் வந்தார். நவராத்திரிப் பூஜை முடித்துப் பட்டு வேட்டியோடு நேராக இறங்கி வந்திருந்தார்.

"கமிட்டி முடிவு பண்ணியாச்சு நவநீதம். இடம் உனக்குத்தான். வேன்காரனுக்கு லெட்டர் போட்டாச்சு."

வீட்டுக்காரர் மரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

"கை எப்படி இருக்கு?" என்றார் சார்.

"பாருங்க சார்" என்று பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன்.

மூடியின் கொக்கி போட்டிருக்கவில்லை. கங்கு ஒன்று விழுந்தது. சாருக்குக் காயம் இல்லை. வேட்டியில் முழங்காலுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவு ஓட்டை. சார் மூணாவது மாடிக்கு ஏறிப் போய், வேட்டியை மாற்றிக்கொண்டு, அதை இஸ்திரிக்கு அனுப்பியிருக்கிறார். வீட்டுக்காரர் தேய்த்துவிட்டார். ஓட்டையைச் சுற்றி நன்றாகவே தேய்த்திருக்கிறார்.